சேமக்காலையில் வாசித்த பெயர்

முப்பது வருடம் கத்தோலிக்கக் குருவாக இருந்தவனுக்கு ஒரு வருடம் ஓய்வு தந்தார்கள். பங்கு இல்லை, கூட்டம் இல்லை, கல்யாண ஓலை வாசிக்கிற வேலை இல்லை. எங்கே வேண்டுமானாலும் போங்கோ, படியுங்கோ, செபம் செய்யுங்கோ, உடம்பையும் பாருங்கோ என்று ஆயர் ஆண்டகை சொன்னார். செய்தி பரவியதும் சக குருக்கள் ஆளுக்கொரு வழி சொல்லத் தொடங்கினார்கள். ஒருவர் உரோமைக்குப் போகச் சொன்னார். இன்னொருவர், எருசலேமுக்குப் போய் யோர்தான் ஆற்றில் காலை நனைத்துவிட்டு வந்தால் விசுவாசம் திரும்பத் தளிர்க்கும் என்றார். எனக்கு எரிச்சல் வந்தது. என் விசுவாசம் வாடிப்போயிற்று என்று உமக்கு யார் சொன்னது என்று கேட்டுவிட்டேன். பாவம், அந்த மனிதர் வாயை மூடிக்கொண்டார்.

வாடித்தான் இருந்தது. இல்லாவிட்டால் எனக்கு ஏன் கோபம் வருகிறது? பூசை வைக்கும்போது வாய் தன்பாட்டில் ஓடும். மனம் மத்தியானச் சாப்பாட்டிலோ கோயில் கூரை ஒழுக்கிலோ நிற்கும். நடுவில் எந்த இடத்தில் நிற்கிறேன் என்று தெரியாமல் புத்தகத்தைப் பார்த்த நாட்களும் உண்டு. இதையெல்லாம் யாரிடம் சொல்வது? சொன்னால் செபமாலையைச் சொல்லுங்கோ பாதர் என்பார்கள். நான் மற்றவர்களுக்குச் சொன்ன மருந்துதானே அது.

உரோமைக்கும் போகவில்லை, எருசலேமுக்கும் போகவில்லை. முருங்கனில் தெரிந்த குரு ஒருவர் தன் பங்குமனையில் ஒரு அறை தந்தார். அங்கே இருந்துகொண்டு பஸ் ஏறித் திரிந்தேன். அங்கியைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்துவிட்டுச் சாதாரணக் காற்சட்டையும் சேட்டும் போட்டுக்கொண்டேன். அங்கி இல்லாதவனுக்கு பஸ்ஸில் ஒருவரும் எழும்பி இடம் தருவதில்லை என்பதை இந்த வயதில் கண்டுபிடித்தேன். "தள்ளி நில்லுங்கோ ஐயா, ஆக்கள் ஏற வேணும்" என்று கொண்டக்டர் என்னை உள்ளே தள்ளினான். முதலில் மூக்கு முட்டக் கோபம் வந்தது. பிறகு பழகிவிட்டது.

தலைமன்னார்வரை போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நாட்கள் உண்டு. அங்கே கடவுளோடு தனியாகப் பேசலாம் என்று நினைத்தேன். பேசத் தொடங்கினால் ஒரு அம்மாவின் முகம் குறுக்கே வந்து நிற்கும். கண்ணை மூடினாலும் நிற்கும். முருங்கனுக்குத் திரும்பி வந்து படுத்தாலும் நிற்கும். ஓய்வு என்று வந்தால் மனிதனுக்கு ஓடி ஒளிய இடமில்லாமல் போய்விடுகிறது. பங்கில் இருந்தபோது அந்த முகத்தைத் தள்ளிவைக்க நூறு வேலை இருந்தது.

ஏழு வருடத்துக்கு முன் நடந்த கதை அது. அப்போது மன்னார்த் தீவின் கரையில் ஒரு மீன்பிடிப் பங்கில் இருந்தேன். கார்த்திகை எங்களுக்கு இறந்தவர்களின் மாதம். சேமக்காலையைத் துப்புரவாக்கி, கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடித்து, பூவும் மெழுகுதிரியும் வைத்து, அங்கேயே பின்னேரப் பூசை நடக்கும். அதற்கு முந்திய வாரமே ஒவ்வொரு வீடும் தங்களுடைய இறந்தவர்களின் பெயர்களைத் துண்டுத்தாளில் எழுதிப் பீடத்தடியில் இருக்கும் பெட்டியில் போட்டுவிடும். பூசையில் குரு துண்டு துண்டாக எடுத்து வாசிப்பார். ஒவ்வொரு துண்டு முடியவும் அவர்களுக்கு நித்திய இளைப்பாற்றி கேட்டு ஒரு வரி சொல்லுவார். சனம் முடிவில்லாத ஒளியைக் கேட்டு மறு வரி சொல்லும். நடக்கத் தொடங்கிய வயதிலிருந்து அடக்கத்திலும் ஆண்டுத் திவசத்திலும் சொல்லிவந்த வரி. நித்திரையில் எழுப்பிவிட்டு முதல் பாதியைச் சொன்னாலும் மறுபாதியைச் சொல்லிவிடுவார்கள்.

அந்தப் பங்கில் கருவாடு போடுகிற ஒரு அம்மா இருந்தார். சண்டைக் காலத்தில் குடும்பத்தோடு பெருநிலப் பக்கம் போய் அகப்பட்டவர். கடைசியில் சனம் வெளியே வந்த நாளில், வரிசையில் அவருக்கு முன்னால் நின்ற மகனை ஆமிக்காரர் வேறாக்கி ஒரு பஸ்ஸில் ஏற்றினார்கள். விசாரித்துவிட்டு விடுவோம் என்றார்கள். அவர் கண்ணால் கண்டது அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. மரணச் சான்றிதழ் எடுக்கலாம் என்று கந்தோரில் சொன்னபோது கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பி வந்தவர் என்று ஊரில் சொன்னார்கள். ஒவ்வொரு வருடமும் மகனின் பிறந்தநாளுக்கு, உயிரோடு இருக்கிறவனுக்கான பூசையாக ஒன்று ஒப்புக்கொடுக்கக் கேட்பார். அந்தத் துண்டைப் பெட்டிப் பக்கம் கொண்டுபோக மாட்டார், குருவின் கையில்தான் தருவார். பிறந்தநாளும் கார்த்திகையில் வந்ததால், இறந்தவர்களின் துண்டுகளோடு கலந்துவிடும் என்று அவருக்குப் பயம். எனக்கு முந்தி இருந்த குரு பங்கை ஒப்படைத்தபோதே இதைச் சொல்லி, கவனம் என்றும் சொல்லியிருந்தார்.

சேமக்காலைப் பூசை நடக்க இருந்த அன்று, காலைப் பூசை முடிந்து வெளியே வந்தபோது அவர் துண்டைத் தந்தார். சேமக்காலைக்கு ஒலிபெருக்கி வந்து சேரவில்லை என்று நான் ஒருவரோடு கத்திக்கொண்டிருந்த நேரம். முகத்தைக்கூடப் பார்க்காமல் வாங்கி அங்கிப் பைக்குள் போட்டேன். பெட்டியில் போட மறந்த வேறு ஆட்களும் வழியில் மறித்துத் துண்டு தந்தார்கள். அவையும் அதே பைக்குள் போயின. பின்னேரம் பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் அடுக்கியபோது பைக்குள் கிடந்ததையும் எடுத்துச் சேர்த்து வைத்தேன். ஒன்றையும் பிரித்துப் பார்க்கவில்லை.

வாசித்துக்கொண்டு போகும்போது அந்தப் பெயர் வந்தது. வாயை விட்டுப் போன பிறகுதான் என் காதில் விழுந்தது. அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். மன்னியுங்கோ, இது தவறி வந்த துண்டு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வாய் தன்பாட்டில் இளைப்பாற்றியைக் கேட்டது, சனம் ஒளியைக் கேட்டது, என் கை அடுத்த துண்டை எடுத்தது.

பூசை முடிந்து உடுப்பைக் கழற்றும்போது கோயில் மூப்பர் பக்கத்தில் வந்து, அந்தப் பொடியனின் பெயரும் வந்துவிட்டது பாதர் என்று மெதுவாகச் சொன்னார். பிழை விட்டவனுக்கு வருகிற கோபம் பொல்லாத கோபம். "வந்தால் என்ன? செபம் செபம்தானே" என்று அவர்மேல் விழுந்தேன். அவர் மெழுகுதிரிக் கால்களைப் பொறுக்கப் போனார்.

அடுத்த ஞாயிறு அந்த அம்மா கோயிலுக்கு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. வீட்டுக்குப் போக வேண்டும் என்று நினைத்தேன். நாளைக்குப் போகலாம், நத்தார்ப் பண்டிகை முடியட்டும் போகலாம் என்று தள்ளிக்கொண்டே இருந்தேன். தை மாதம் எனக்கு மாற்றம் வந்தது. உண்மையைச் சொன்னால், கடிதத்தைப் பார்த்ததும் நிம்மதியாக இருந்தது. வெட்கம்கெட்ட நிம்மதி.

அதைப் பாவசங்கீர்த்தனத்தில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். கேட்ட குருக்கள் எல்லாரும் மன்னிப்புத் தந்தார்கள். ஒருவர்கூட அந்த மனிசியிடம் போய்ச் சொல்லும் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் போயிருப்பேனா தெரியாது. கடவுளிடம் மன்னிப்புக் கேட்பது சுகமான வேலை. அவர் கதவைத் திறந்து வந்து நம் முகத்தைப் பார்ப்பதில்லை.

ஓய்வு தொடங்கி ஐந்தாம் மாதம், ஒரு நாள் காலை, போகத்தான் வேண்டும் என்று முடிவெடுத்தேன். மன்னாருக்கு வந்து தீவுக்குள் போகிற பஸ்ஸைப் பிடித்தேன். தாராபுரத்தைக் கடக்கும்போது, இறங்கித் திரும்பிப் போய்விடலாமா என்றுகூட யோசித்தேன். பழைய பங்கில் மூப்பரின் வீட்டைத் தேடிப் போனேன். அங்கி இல்லாமல் வந்த என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "வாங்கோ பாதர்" என்று கதிரையை இழுத்துப் போட்டார். எதற்கு வந்தேன் என்று நான் சொல்லவில்லை. அந்த அம்மாவைத்தான் விசாரித்தேன். அவர் உடனே விளங்கிக்கொண்டார். அந்தக் குடும்பம் மறு வருடமே வெள்ளாங்குளத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டதாம். புருசன் மூன்று வருடத்துக்கு முன் காலமாகி அங்கேயே அடக்கமாம். நான் அன்று சொன்ன வார்த்தை அந்த அம்மாவின் காதுக்குப் போனதா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. போயிருக்கும் என்றே நினைத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து வெள்ளாங்குளம் போனேன். மூப்பர் தொலைபேசியில் சொல்லிவைத்திருந்தார். சந்தியில் அந்த அம்மாவின் மருமகன் மோட்டார் சைக்கிளோடு நின்றார். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளை, வயல் வேலை. "வாங்க சாமி, அத்தை ரெண்டு நாளா ஒங்களத்தான் பாத்துக்கிட்டு இருக்காங்க" என்றார். என்னை வாசலில் இறக்கிவிட்டு அவர் வயலுக்குப் போய்விட்டார். மகளும் கூலி வேலைக்குப் போயிருந்தார். வீட்டில் அந்த அம்மா மட்டும்தான்.

தலை முழுக்க நரைத்திருந்தது. நல்லாய் மெலிந்துபோனீர்கள் பாதர் என்று அவர்தான் முதலில் பேசினார். சீனி வருத்தமா என்று கேட்டு, எனக்குச் சீனி போடாத தேத்தண்ணீர் ஊற்றித் தந்தார். அந்தத் தேத்தண்ணீரைக் குடிக்க எனக்கு மனம் வரவில்லை. பஸ்ஸில் வரும்போது எதை முதலில் சொல்வது, எதைப் பிறகு சொல்வது என்று பிரசங்கத்துக்குத் தயாரிக்கிறமாதிரி அடுக்கி வைத்திருந்தேன். எல்லாம் குலைந்துபோனது. துண்டைப் பைக்குள் போட்டதிலிருந்து தொடங்கி ஒரே மூச்சில் கொட்டினேன். கடைசியில், மூப்பரிடம் நான் சொன்னதையும் சொன்னேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"செபம் செபம்தானே எண்டோ சொன்னனீங்கள்?"

"ஓம் அம்மா."

"மூப்பர் எனக்கு அதைச் சொல்லேல்லை" என்றார்.

அட கடவுளே. நிலம் பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது. மூப்பர் ஏழு வருடமாக வாய்க்குள் பூட்டி வைத்திருந்த சொல்லை, என் பாரம் இறங்க வேண்டும் என்பதற்காக, நானே பஸ் ஏறிக் கொண்டுவந்து இந்தத் தாயின் மடியில் போட்டுவிட்டேன். மன்னிப்புக் கேட்க வந்த இடத்திலும் நான் என்னைத்தான் பார்த்திருக்கிறேன். தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன்.

"அது கிடக்கட்டும்" என்றார் பிறகு. "உங்களில எனக்குக் கோவம் இருந்ததுதான். ஒரு கிழமை இருந்திருக்கும். நான் அதுக்காகக் கோயிலுக்கு வராமல் விடேல்லை பாதர்."

எனக்கு விளங்கவில்லை.

"நீங்கள் அவன்ர பேரை வாசிச்சீங்கள். சனம் எல்லாம் சொல்லிச்சுது. அதோட நானும் சொல்லிப்போட்டன். என்ர வாயாலையே கேட்டன், செத்த ஆக்களுக்குக் கேக்கிற மாதிரி. சொல்லி முடிஞ்சாப் பிறகுதான் அது என்ர பிள்ளையின்ர பேரெண்டு விளங்கினது."

சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டார். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"ஊரில ஒருத்தரும் அவனைச் செத்தவன் எண்டு சொல்ல நான் விட்டதில்லை. தகப்பன் ஒருக்கால் சொல்ல வந்தவர், அவரையும் சொல்ல விடேல்லை. கடைசியில நான்தான் சொன்னனான். அதைத் திருப்பி எடுக்கேலுமோ பாதர்?"

எங்களிடம் எல்லாவற்றுக்கும் ஒரு முறை இருக்கிறது. புது வள்ளத்தை மந்திரித்து ஆசீர்வதிக்க இருக்கிறது, கிணற்றுக்கு இருக்கிறது, கொடுத்த வார்த்தைப்பாட்டிலிருந்து விடுவிக்க இருக்கிறது. சொன்ன செபத்தைத் திருப்பி எடுக்க ஒன்றும் இல்லை. மனத்துக்குள் புத்தகம் புத்தகமாகப் புரட்டினேன், ஒன்றும் இல்லை. உயிரோடு இருக்கிறவனுக்கு அந்தச் செபத்தால் ஒரு தீங்கும் வராது அம்மா, கடவுளுக்கு உங்கள் மனம் தெரியும் என்று சொன்னேன். சொல்லும்போதே என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அது எனக்கும் தெரியும். நானும் ஞானோபதேசம் படிச்சனான்தானே. தெரிஞ்சு என்ன செய்யிறது?"

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். அந்தப் பிள்ளை உயிரோடு இருக்கிறான் என்று நான் நம்பவில்லை. அவர் துண்டைத் தந்த அந்தக் காலையிலும் நம்பவில்லை. அதனால்தான் அவன் பெயர் இறந்தவர்களின் அடுக்குக்குள் அவ்வளவு லேசாகப் போனதோ என்று அந்த வீட்டில் இருந்தபோது எனக்குப் பட்டது. மறதி, அவசரம், ஒலிபெருக்கி என்று நான் சொல்லிவந்ததெல்லாம் உண்மைதான். ஆனால் உள்ளுக்குள் அவனை நான் எப்போதோ அடக்கம் செய்துவிட்டிருந்தேன். இதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு ஒரு காயம் போதும்.

இங்கேயே ஒரு பூசை வைக்கட்டா அம்மா, அவன் பெயருக்கு, உயிரோடு இருக்கிறவனாய் என்று கேட்டேன். அவர் எழும்பிப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, மேசையில் கிடந்த பேரப்பிள்ளையின் புத்தகங்களை எடுத்துவிட்டு வெள்ளைத் துணி ஒன்றை விரித்தார். அதுதான் பதில். என் பைக்குள் சின்னக் கிண்ணமும் அப்பமும் கொஞ்ச இரசமும் இருந்தன. அங்கியை முருங்கனில் விட்டு வந்திருந்தேன். சேட்டின் மேலேயே பூசைக்கான கழுத்துப் பட்டியைப் போட்டுக்கொண்டு தொடங்கினேன்.

அன்று வாய் தன்பாட்டில் ஓடவில்லை. ஒவ்வொரு வார்த்தைக்கும் பயந்து பயந்து போனேன். உயிரோடு இருக்கிறவர்களை நினைக்கும் இடம் வந்ததும் நிறுத்தி, அவனுடைய முழுப் பெயரையும் சொன்னேன். என்னிடம் இல்லாத நம்பிக்கையை அந்தத் தாயிடம் இரவல் வாங்கித்தான் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். ஏழு வருடத்துக்குப் பிறகு நற்கருணை வாங்கினார். நீட்டிய கையில் உப்பில் வெடித்த பழைய கீறல்கள் இருந்தன.

வீட்டில் பூசை வைத்தால், முடிந்ததும் அந்த வீட்டில் இறந்துபோனவர்களுக்கு ஒரு சின்ன மன்றாட்டுச் சொல்வது எங்கள் வழக்கம். இன்றைக்கு இந்த வீட்டில் இறந்தவர் என்ற பேச்சே வேண்டாம் என்று நான் அதை விட்டுவிட்டேன். கிண்ணத்தைத் துடைத்துத் துணியை மடிக்கத் தொடங்கினேன். பெரிய கெட்டித்தனம் செய்துவிட்டதாக எனக்குள் ஒரு நினைப்பும் இருந்தது.

"பாதர், இவருக்கு ஒண்டும் சொல்லேல்லையே" என்றார்.

சுவரில் புருசனின் படம் இருந்தது. நான் அதைக் கவனிக்கவே இல்லை. மகனுக்குப் பயந்து தகப்பனை விட்டுவிட்டேன். மன்னியுங்கோ என்று சொல்லிவிட்டுப் படத்தின் முன்னால் போய் நின்றேன். அவரும் பக்கத்தில் வந்து நின்றார். புருசனின் பெயரைச் சொல்லி அவருக்கு நித்திய இளைப்பாற்றியைக் கேட்டேன். என் வரி முடிந்தது. அவருடைய வரிக்காகக் காத்திருந்தேன்.

வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றார்.

"எனக்கு அது வாயில வராது பாதர். சொல்ல வெளிக்கிட்டால் பிள்ளையின்ர முகம் வருது. இவற்ர அடக்கத்திலையும் நான் சொல்லேல்லை. மூண்டு வருசமாய் இந்த மனிசனுக்கு நான் ஒரு நாளும் சொல்லேல்லை."

படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீங்கள்தானே தொடங்கி வைச்சனீங்கள். என்ரையையும் நீங்களே சொல்லுங்கோ."

திரும்ப ஒருமுறை பெயரைச் சொல்லித் தொடங்கினேன். அந்த மனிதருக்கு இளைப்பாற்றியைக் கேட்டேன். பிறகு, மனைவி கேட்க வேண்டிய ஒளியையும் நானே கேட்டேன்.